தேசத்துக்கே விலை ஏற்றிய ஹெர்ஷல்

ஜெயிலில் போடுவார்களா, மாட்டார்களா, அதை மட்டும் முதலில் சொல்லிவிடு கார்சன், மற்றதெல்லாம் அப்புறம். இப்படித்தான் ஆரம்பித்தேன். சுகம் விசாரிக்காமல் எழுதினால் அது கடிதமா, போலீஸ் சம்மனா என்று உன் மாமா கெய்லன் நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்கிறார். அவர் சொல்வதும் சரிதான். ஆகவே முறைப்படி:

கர்த்தருடைய கிருபையால் வாஷிங்டன் பட்டணத்தில் விலைவாசிக் கணக்கு ஆபீஸில் நல்ல உத்தியோகத்தில் இருக்கும் என் அண்ணன் மகன் கார்சனுக்கு, கென்டக்கி மலையிலிருந்து அத்தை நெட்ரா எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் நலம். மாமாவுக்கு முதுகு வலி வழக்கம்போல. உங்கப்பன் ஆர்லிஸுக்கு மூச்சு வாங்குவது வழக்கம்போல, வாய் மட்டும் வழக்கத்தைவிட ஜாஸ்தி. உன் சுகமும் உன் வீட்டுக்காரி சுகமும் அறிய ஆவல். அவள் இன்னும் அந்தப் புல் மாதிரி இருக்கிற கீரையைத்தான் தின்கிறாளா என்று மாமா கேட்கச் சொன்னார்.

சுகம் விசாரித்தாயிற்று. இனி ஹெர்ஷலுக்கு வருவோம்.

போனிலேயே கேட்டிருக்கலாம். ஆனால் இந்த மாதிரி சமாச்சாரத்தைப் போனில் பேசினால் அரசாங்கம் ஒட்டுக் கேட்கும் என்று உங்கப்பன் தடுத்துவிட்டான். கார்சனும் அரசாங்கம்தானே என்றேன். அவன் என் பையன், அது வேற என்றான். சரி, கடிதம் போடலாம் என்றால் நம் ஊர்த் தபால் ஆபீஸ் இருப்பது ஹெர்ஷல் கடையின் மூலையில், முத்திரை குத்துவதும் ஹெர்ஷல்தான். ஒரு மனுஷனை ஜெயிலில் போடுவார்களா என்று கேட்கிற கடிதத்தை அந்த மனுஷன் கையிலேயே கொடுத்து முத்திரை குத்து என்று சொல்ல எனக்கு மனசு வருமா? அதுவும் தவிர கடை இப்போது பூட்டிக் கிடக்கிறது. அதைத்தான் சொல்ல வருகிறேன். அதனால் மலைக்கு அந்தப் பக்கம் ஹசார்டு பட்டணம் வரைக்கும் வண்டி ஓட்டிக்கொண்டு போய் இதைப் போடப்போகிறேன், போகிற வழியில் பாலும் வாங்கவேண்டும், ஊரில் பால் இல்லை.

இதெல்லாம் உன்னால் வந்தது. திட்டவில்லை ராசா, நடந்ததைச் சொல்கிறேன். மே மாசம் கல்லறைகளுக்குப் பூ வைக்க வந்தாயே, மேட்டு மேலே மேஜை போட்டு எல்லோரும் சாப்பிட்டோமே, அப்போது உங்கப்பன் உன்னிடம் கேட்டான், வயசானவர்களுக்கும் வேலை செய்யமுடியாதவர்களுக்கும் அரசாங்கம் மாசா மாசம் கொடுக்கிற இந்த சோஷியல் செக்யூரிட்டி பணத்தை வருஷா வருஷம் கொஞ்சம் ஏற்றித் தருகிறார்களே, எவ்வளவு ஏற்றுவது என்று எவன் உட்கார்ந்து முடிவு பண்ணுகிறான், ஜனாதிபதியா என்று. ஜனாதிபதியும் இல்லை, யாரும் இல்லை, சட்டமே தானாகச் செய்கிறது என்று நீ விளக்கிச் சொன்னாய். ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர், இந்த மூன்று மாசத்து விலைவாசியை எடுத்து, போன வருஷத்து அதே மூன்று மாச விலைவாசிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். நூற்றுக்கு எவ்வளவு ஏறியிருக்கிறதோ அவ்வளவு எல்லோருடைய மாசப் பணமும் ஏறும். அக்டோபரில் அறிவிப்பார்கள், ஜனவரியில் கைக்கு வரும். மருத்துவ இன்சூரன்ஸ் தன் பங்கைப் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் விடும், அது வேறு கதை. அப்போதுதான் நான் கேட்டேன், விலைவாசி இறங்கிவிட்டால் என்ன செய்வார்கள், பணத்தைக் குறைப்பார்களா என்று. நீ கோழிக்காலைக் கடித்துக்கொண்டே சர்வசாதாரணமாகச் சொன்னாய், குறைக்கமாட்டார்கள் அத்தை, நின்ற இடத்தில் அப்படியே நிற்கும் என்று.

நீ பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டாய். நான் கடித்த சோள ரொட்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். ஏறத் தெரிந்த, இறங்கத் தெரியாத பணம். நம் சுரங்கக் கம்பெனிகளை உனக்குத் தெரியும். நிலக்கரி விலை இறங்கினால் மறுநாளே கூலியை இறக்குவார்கள், விலை ஏறினால் காது கேட்காது. அப்படிப்பட்ட மனுஷர்கள் நடுவிலே பிறந்து வளர்ந்தவள் நான். இப்படியும் ஒரு சட்டம், யாரும் கை கட்டி நிற்காமல், யாரும் கெஞ்சாமல், விடியற்காலையில் பனி விழுகிற மாதிரி தானாக இறங்கி அலாஸ்காவில் இருக்கிற கிழவனுக்கும் நம் ஊர் ஐடா மே அம்மாளுக்கும் ஒரே அளவில் அளந்து போடுகிறது என்றால், அதை எழுதின கை மனுஷன் கையாக இருந்தாலும் அந்தக் கையைப் பிடித்து எழுத வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். வேதத்தில், பஞ்ச காலத்தில் அந்த விதவை வீட்டு எண்ணெய்க் கலயம் குறையாமல் இருந்த கதையை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அது பழைய காலத்தோடு முடிந்துபோயிற்று என்று நினைத்திருந்தேன். கெய்லன் முதுகு ஒடிந்த நாளிலிருந்து மாசா மாசம் எங்கள் வீட்டுக்கே அது வந்துகொண்டிருக்கிறது, நான்தான் கவனிக்கவில்லை.

எனக்குப் பக்தி வந்தது. உங்கப்பனுக்கு யோசனை வந்தது.

ஜூலை பிறந்ததும் கடைக்குப் போனான், நானும் மாவு வாங்க அங்கேதான் நின்றேன். ஹெர்ஷல் எப்படிப்பட்டவன் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. காபி விலை ஏறினால் அட்டையில் 'மன்னிக்கவும்' என்று எழுதி ஒட்டுகிற ஆள். சபையில் உதவிக்காரன், பெண்டாட்டி போன பிறகு கடையும் கோயிலும்தான் அவனுக்கு வீடு. உங்கப்பன் கல்லாவுக்கு முன்னால் இருக்கிற பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கி முடித்துவிட்டு, "ஹெர்ஷல், முட்டை விலைய ஏத்து" என்றான்.

"எதுக்குண்ணே?"

"நாட்டுக்காக."

ஹெர்ஷல் என்னைப் பார்த்தான். நான் மாவு மூட்டையைப் பார்த்தேன். உங்கப்பன் நீ சொன்னதை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னான், நீயே அவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. பிறகு, நாட்டிலிருக்கிற கடைகளை எல்லாம் சேர்த்துத்தானே கணக்கு என்று கேட்டான். அப்படித்தான் தெரிகிறது என்றான் ஹெர்ஷல். "உன் கடையும் கடைதானே?" என்றான். ஹெர்ஷல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கடைதான்" என்றான். ஜனங்கள் எப்படி வாங்குவார்கள் என்று ஹெர்ஷல் கேட்டதற்கு, மூன்று மாசம் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்குவோம், அப்புறம் சாகிற வரைக்கும் அந்த உயர்வு நமக்கு, இறக்கமுடியாது, சட்டம் என்றான்.

ஹெர்ஷல் உடனே ஒத்துக்கொள்ளவில்லை, நேராகப் போதகர் டாலிவரிடம் போனான். அவர், உன் கடை உன் விலை, அதில் தப்பில்லை, ஆனால் யார் வயிறு நிறைவதற்காக ஏற்றுகிறாய் என்று உன் மனசைக் கேள் என்றாராம். தன் வயிறு இல்லை என்று ஹெர்ஷலுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனாலும் கூடுதலாக வருகிற காசைத் தொட அவனுக்குக் கை கூசியது. அதனால் என்ன செய்தான் தெரியுமா, முட்டையை யானை விலைக்கு விற்றுவிட்டு, பையில் யாரும் பார்க்காதபோது நாலு துண்டு பன்றி இறைச்சியைச் சும்மா போட்டுவிடுவான். உங்கப்பனுக்கு இதில் ஆட்சேபம் இல்லை. சும்மா கொடுப்பது விலைவாசிக் கணக்கில் வராது என்று தீர்ப்புச் சொன்னான். உன்னுடைய ஆபீஸில் அப்படித்தானா? இதையும் எழுது.

இனி ஜெபக்கூட்டம். புதன்கிழமை சாயங்காலம், வழக்கம்போல ஜெபக் குறிப்பு யாருக்காவது இருக்கிறதா என்று போதகர் கேட்டார். வாய்விட்டுச் சொல்லமுடியாத குறை இருந்தால் கையை மட்டும் தூக்கி 'சொல்லாத விண்ணப்பம்' என்போமே, எப்போதும் ஒன்றோ இரண்டோ கைதான் எழும்பும், யார் வீட்டுப் பையன் குடிக்கிறான், யாருக்கு மாரில் கட்டி என்று நாம் மனசுக்குள் ஊகித்துக்கொள்வோம். அன்றைக்கு முன் வரிசையில் ஒருத்தர் கை தூக்கி, சொல்லாத விண்ணப்பம் என்றார். அடுத்தவரும் அதையே சொன்னார். அதற்கடுத்தவரும். அப்படியே வரிசை வரிசையாக வந்து கடைசியில் என் கையும் எழும்பிவிட்டது, மறைப்பானேன். போதகர் முகம் வெளுத்துப்போயிற்று. ஊருக்கே ஏதோ வியாதி வந்துவிட்டது, தன்னிடம்தான் மறைக்கிறார்கள் என்று நினைத்துவிட்டார் பாவம். என்ன நடக்கிறது, சொல்லுங்கள், யாராவது சொல்லுங்கள் என்று கெஞ்சினார். கடைசியில் ஐடா மே அம்மாள்தான், எண்பது வயசுக்கு மேல் யாருக்கும் பயப்படவேண்டியதில்லை அல்லவா, உட்கார்ந்தபடியே சொன்னார்:

"முட்டை வெலை ஏறணும்னுதான்யா எல்லாரும் கேக்குறோம். வெளிய சொல்ல வெக்கமா இருக்கு."

போதகர் பிரசங்க மேஜையைப் பிடித்துக்கொண்டார். எதை வேண்டுமானாலும் கேட்கலாம் என்று அவரே எத்தனையோ வாரம் சொல்லியிருக்கிறார், இப்போது வேண்டாம் என்று எப்படிச் சொல்வார்? கண்ணை மூடி, "ஆண்டவரே, இவங்க என்னத்தக் கேக்குறாங்கன்னு எனக்குச் சத்தியமா வெளங்கல, நீரே பாத்துச் செய்யும்" என்று ஜெபித்துவிட்டு, பாட்டுப் பாடாமலே கூட்டத்தை முடித்தார்.

இத்தனை ஜெபித்த ஐடா மே அம்மாளே ஆகஸ்டு மாசத்தில் காரியத்தைக் கெடுக்கப் பார்த்தார். ஹெர்ஷல் கடை விலையைப் பார்த்துவிட்டு அவர் தம் வீட்டு முற்றத்தில் கோழி முட்டையைக் கூடையில் வைத்துப் பாதி விலைக்கு விற்க ஆரம்பித்துவிட்டார். உங்கப்பனுக்குச் சேதி எட்டியது. மூச்சுக் குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டு, சிலிண்டரை உருட்டிக்கொண்டு மேடேறிப் போனான், நான் பின்னாலேயே ஓடினேன், பாதி வழியில் விழுந்து செத்துவைத்தால் உனக்கு யார் பதில் சொல்வது? போய் வேலிக்கு வெளியே நின்றுகொண்டு, பெரியம்மா, நீங்கள் செய்கிறது நியாயமா, தேசமே உங்கள் கூடையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் குறைக்கிற ஒவ்வொரு சென்டும் உங்கள் பணத்திலேயே குறையும் என்று பெரிய பிரசங்கமே பண்ணினான். அந்த அம்மாள் நிதானமாகக் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டே, "என் கோழிக்கு வாஷிங்டன் எங்க இருக்குன்னு தெரியாது ஆர்லிஸ். நீ வேணா அதுகிட்டப் பேசிப் பாரு" என்றார். அவன் கோழியைப் பார்த்தான். உண்மையாகவே பேசிவிடுவானோ என்று எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில் அந்த அம்மாள் முட்டை விற்பதை நிறுத்தி, அக்டோபர் வரைக்கும் சும்மா கொடுக்கிறேன் என்று சமாதானமாகிவிட்டார். சும்மா கொடுப்பது கணக்கில் வராதே.

அந்த மாசக் கடைசியில்தான் டை கட்டின ஒருத்தர் கடைக்கு வந்தார். வெளியூர்க் கார். உள்ளே வந்து குளிர்பெட்டிக்கு முன்னால் நின்றார், முட்டை விலையைப் பார்த்தார், நீளமாக ஒரு விசில் அடித்தார், போனை எடுத்து ஏதோ தட்டினார், ஒன்றும் வாங்காமல் போய்விட்டார். ஒன்றும் வாங்காமல் போனதால் அவர் அரசாங்க ஆள்தான் என்று ஏகமனதாக முடிவாயிற்று. உன் ஆபீஸில் டை கட்டினவர், முன்தலை வழுக்கையானவர், யாராவது இருக்கிறாரா என்று பார்த்துவை.

அக்டோபரில் அறிவிக்கிற காலையில் ஊரே ஹெர்ஷல் கடையில் கூடிவிட்டது. அடுப்பைச் சுற்றி நின்றோம், கெய்லன்கூட முதுகுக்குத் தலையணை வைத்துக்கொண்டு வந்தார். ஹெர்ஷல் கல்லா மேலே ரேடியோவை வைத்தான். உயர்வு இத்தனை வரும் என்று ரேடியோவில் நிபுணர்கள் இரண்டு வாரமாக ஒரு எண்ணைச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அன்றைக்குச் செய்தி வாசிக்கிறவள், நிபுணர்கள் எதிர்பார்த்ததைவிடச் சற்றுக் கூடுதலாக என்று ஆரம்பித்து உண்மையான எண்ணைச் சொன்னாள். நூற்றில் ஒரு பங்கைப் பத்தாக நறுக்கினால் வருகிற ஒரு துணுக்கு, அவ்வளவுதான் அதிகம். ஆனால் அதிகம். நிபுணர்களுக்கே எங்கிருந்து வந்தது என்று தெரியாத துணுக்கு. உங்கப்பன் தொப்பியைக் கழற்றினான்.

"அந்தத் துணுக்கு ஹெர்ஷல்" என்றான்.

யாரும் கை தட்டவில்லை கார்சன், சிரிக்கவும் இல்லை. கோயிலில் நிற்கிற மாதிரி நின்றோம். புளோரிடாவில் வெயிலில் உட்கார்ந்திருக்கிற கிழவி, நியூயார்க்கில் பத்தாவது மாடியில் தனியாக இருக்கிற கிழவன், நாங்கள் யாரென்றே தெரியாத கோடிக்கணக்கான ஜனம், ஜனவரி மாசம் ஒரு ஆப்பிள் கூடுதலாக வாங்குவார்கள். அந்த ஆப்பிள் எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து, இந்த இருட்டுக் கடையிலிருந்து, அழுக்கு ஏப்ரன் கட்டின இந்த மனுஷன் கையிலிருந்து போகிறது, அவர்களுக்குத் தெரியாது. அலாஸ்காக் கிழவனுக்காக நான் அங்கேயே ஒரு ஜெபம் பண்ணினேன். இரண்டொரு பேர் ஹெர்ஷலைத் தொட்டுப் பார்த்தார்கள், மெதுவாக, தோளில்.

ஹெர்ஷல் முகத்தை அப்போதுதான் பார்த்தேன். சுண்ணாம்பு. உயர்வு வந்த சந்தோஷம் துளி இல்லை. ஊர்க்காரர்களுக்கு உதவி செய்கிறோம் என்று நினைத்துச் செய்தவனுக்கு, கஜானாவுக்குள்ளேயே கையை விட்டிருக்கிறோம் என்று அந்த நிமிஷத்தில்தான் உறைத்திருக்கிறது. அன்றைக்கே விலையை எல்லாம் பழையபடி இறக்கினான். அதற்கப்புறம் சாப்பாடு இல்லை. நான் பீன்ஸ் கொண்டுபோய்க் கொடுத்தேன், கரண்டியைப் போட்டுக் கிளறிக்கொண்டே இருந்தான். ஏப்ரன் கயிறு இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டுகிற அளவுக்கு இளைத்துவிட்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை சபையில் கால் கழுவுகிற ஆராதனை. நாங்கள் பெண்கள் பக்கம், ஆண்கள் அந்தப் பக்கம். ஹெர்ஷல் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, தொட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக உங்கப்பனுக்கு முன்னால் வந்து முழங்கால் போட்டான். உங்கப்பன் செருப்பைக் கழற்றிக் காலைத் தண்ணீரில் வைத்தான். ஹெர்ஷல் கழுவவில்லை. காலைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தான். அப்புறம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி பேசினான், அவன் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

"ஆர்லிஸ் அண்ணே, நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன். அடுத்த ஜூலைல இந்த வருஷ வெலையோடதான வெச்சுப் பாப்பாங்க? நான் பழைய வெலைக்கே வித்தா அத்தன பேரையும் நான்தான் கீழ இழுப்பேன். அவங்களுக்கு உயர்வே வராது. வரணும்னா நான் இன்னும் மேல ஏத்தணும். அதுக்கடுத்த வருஷம் அதுக்கும் மேல. நான் சாகிற வரைக்கும் ஏத்திக்கிட்டே இருக்கணும். இந்த ஊர் என்னத்தத் திங்கும்? ரெண்டுல எது பாவம்னு சொல்லு, மத்ததச் செய்யுறேன்."

உங்கப்பன் காலைத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் விரல் நுனியெல்லாம் சுருங்கிப்போயிற்று. எனக்கும் அப்போதுதான் அந்தச் சட்டத்தைக் கண்டு பயம் வந்தது. ஏறத் தெரிந்த, இறங்கத் தெரியாத சட்டம் என்று நான் கும்பிட்டேனே, அது ஒரு தனி மனுஷன் தோளில் ஏறி உட்கார்ந்தால் எப்படியிருக்கும் என்று நினைக்கவே இல்லை.

நாளைக்கே ஷெரீஃபிடம் போய் ஒப்புக்கொடுக்கப்போகிறேன் என்றான் ஹெர்ஷல். போதகர் கிட்டே வந்து, "போய் என்னப்பா சொல்லுவ?" என்று கேட்டார்.

"முட்டைன்னு சொல்லுவேன்."

யாரோ பின்னால் ஒருத்தர் சிரிக்கப் பார்த்தார், பெண்டாட்டி ஒரு இடி இடித்தாள். அந்த இடத்தில்தான் நான் எழுந்தேன் கார்சன். பெண்கள் பக்கத்திலிருந்து யாரும் கால் கழுவும்போது பேசுகிற வழக்கம் இல்லை, என் அம்மா பார்த்திருந்தால் காதைத் திருகியிருப்பாள். எழுந்து நின்று, "ஹெர்ஷல், என் அண்ணன் பையன் அந்தக் கணக்கு ஆபீஸ்லதான் இருக்கான். அவன் ஒரு பதில் சொல்லட்டும், அப்புறம் நீ ஜெயிலுக்குப் போ" என்றேன். ஹெர்ஷல் சரி அக்கா என்றான். ஆனால் பதில் வருகிற வரைக்கும் கடை திறக்க மாட்டேன், திறந்தால் ஏதாவது விலை சொல்லியாகவேண்டும், எந்த விலை சொன்னாலும் தேசத்தைத் தொடும் என்று பூட்டைப் போட்டுவிட்டான். பால் இல்லை, மாவு இல்லை, தபால் இல்லை. ஐடா மே அம்மாளுக்கு வரவேண்டிய மாத்திரைப் பொட்டலம் உள்ளே தபால் மூட்டையில் இருக்கிறது, கதவுக்கு வெளியே நின்று கெஞ்சினால் ஜன்னல் வழியாக எடுத்துத் தருகிறான், கண்ணைப் பார்க்க மாட்டேன் என்கிறான்.

ஆகவே என் கண்ணு, நீ செய்யவேண்டியது இதுதான். உன் மேலதிகாரியிடம் போய்ப் பக்குவமாகச் சொல்லு, பேரைச் சொல்லாதே, கென்டக்கியில் ஒரு நல்ல மனுஷன் என்று மட்டும் சொல்லு. அந்தத் துணுக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டாலும் நாங்கள் வருத்தப்படமாட்டோம். ஜனவரியில் பணம் வந்ததும் மாமா பங்கை நான் முதலில் அனுப்பிவைக்கிறேன், அது எவ்வளவு என்று நீயே சொல்லு, பத்து சென்டுக்குக் கீழே போனால் எப்படி அனுப்புவது என்றும் சொல்லு. அலாஸ்காக் கிழவனிடம் மட்டும் கேட்கவேண்டாம், அவன் இப்போதே அந்த ஆப்பிளுக்குக் கணக்குப் போட்டிருப்பான். அடுத்த ஜூலையில் ஹெர்ஷல் கடையைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடமுடியுமா என்று கேள். ஒரே ஒரு கடை. தேசத்தில் எத்தனையோ கடை இருக்கிறதே, ஒன்றைப் பார்க்காமல் போனால் என்ன? ஹெர்ஷலை அந்த நுகத்திலிருந்து அவிழ்த்துவிடு. நீ எழுதுகிற நாலு வரியில் அவன் கடை இருக்கிறது, எங்கள் ஊர்ப் பால் இருக்கிறது.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், அந்தச் சட்டத்தின் மேல் எனக்கு இருக்கிற மரியாதை குறையவில்லை. ஒரு மூலைக் கடையில் ஒருத்தன் முட்டைக்கு ஒரு விலை சொன்னால் கடலோரம் வரைக்கும் அது போய்ச் சேருகிறது என்றால், நாம் யாரும் தனியாக இல்லை என்றுதானே அர்த்தம். நான் இப்போதெல்லாம் உப்பு வாங்கும்போதுகூடக் கொஞ்சம் நிமிர்ந்து நின்று வாங்குகிறேன்.

உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் நெடிய ஆயுசும், நல்ல தூக்கமும், மலைக்கு வந்து போக லீவும் கர்த்தர் கட்டளையிடட்டும். உங்கப்பன் தன் அன்பைச் சொல்லச் சொல்லவில்லை, ஆனால் நான் எழுதுகிறதை இரண்டு தரம் எட்டிப் பார்த்தான், அதுவே அன்புதான்.

என்றும் உனக்காக ஜெபிக்கும் அத்தை,
நெட்ரா

பி.கு. உறையை ஒட்டியாச்சு, அதனால உறை முதுகுலயே எழுதுறேன், தபால்காரங்க படிச்சா படிச்சுட்டுப் போறாங்க. வண்டிச் சாவியத் தேடிக்கிட்டு இருக்கும்போது திடீர்னு இப்பதான் ஞாபகம் வந்துச்சு. அன்னைக்குக் கல்லறை மேட்டுல உங்கப்பன் மூச்சு மருந்து எடுக்க வண்டிக்குப் போயிட்டான், நான் ஆப்பிள் அடுக்கு கேக்கை வெட்டிக்கிட்டு உனக்கு ஒரு துண்டா ரெண்டு துண்டான்னு கேட்டுக்கிட்டு இருந்தேன், அப்ப நீ இன்னொன்னும் சொன்ன கார்சன். வெலை கேக்க எங்க ஆளுங்க போறது பட்டணத்துக் கடைகளுக்கு மட்டும்தான் அத்தை, இந்த மாதிரி மலைக்காட்டுக்குள்ள இருக்கிற கடைங்க எதையுமே கணக்குல எடுக்கிறதில்லைன்னு.